காதுக்காரர் படி ஏறிய நவராத்திரி

கொலுப் படியில் யாரை வேண்டுமானாலும் வைக்கலாம். தசாவதாரம் வைக்கலாம், செட்டியார் கடை வைக்கலாம், கண்காட்சியில் வாங்கிய பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கியைக்கூட வைக்கலாம். அம்பாள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் கழுத்து இல்லாதவர்களை மட்டும் வைக்கக் கூடாது. இது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். (பாஸா என்று கேட்காதீர்கள்.) பெங்களூர் அல்சூரில் பிறந்து, அல்சூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். என் பிறந்த வீட்டில் கொலு வைப்பது வழக்கம். என் வீட்டுக்காரர் கோலார் தங்கவயல் குடும்பம்; அவருடைய அப்பா, அண்ணன் எல்லாரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். பூமிக்குள்ளே இறங்கிப் பிழைத்த குடும்பத்தில் படி கட்டி மேலே ஏற்றுகிற பழக்கம் எங்கிருந்து வரும்? கல்யாணத்துக்குப் பிறகு நான்தான் கொலுவைக் கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பேச்சுதான். வீட்டுக்காரருக்கு இதயத்தில் அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் தள்ளினார். ஆடியில் கத்தி வைக்கக் கூடாது என்றார். ஆவணியில் தங்கை வீட்டுக் கல்யாணம் என்றார். புரட்டாசி வந்ததும் "நவராத்திரி முடியட்டும் பரிமளா" என்றார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன், என் மூத்தார், இதே ஆபரேஷனுக்குத்தான் சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வரவில்லை. அதிலிருந்து இவருக்கு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே முகம் வெளுத்துவிடும்.

பதற்றமே கூடாது என்று டாக்டர் சொன்னதால், நான் டி.வி. ரிமோட்டைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன். செய்தி கூடாது, சண்டைப் படம் கூடாது, கிரிக்கெட் கூடவே கூடாது.

ரக்பி கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆட்டம் ஆடுவது எங்கள் மகள் கீர்த்தனா. முட்டை மாதிரி ஒரு பந்து. அதை அணைத்துக்கொண்டு ஒருத்தி ஓடுவாள், மற்றவர்கள் அவளை அணைத்துக் கீழே சாய்ப்பார்கள். "பொண்ணுங்க ஆடற ஆட்டமா இது" என்று வீட்டுக்காரர் ஒரு தடவைகூட மைதானத்துக்குப் போனதில்லை.

அந்த வருஷக் கொலுவுக்குப் புதிதாக ஒரு பொம்மைக் கூட்டம் வேண்டும் என்றேன். "நாட்டுக்காக அதிகத் தடவை ரக்பி ஆடினவங்களை வெக்கலாம்மா" என்றாள் கீர்த்தனா.

"அதிகமா பாயிண்ட் எடுத்தவங்களா?"

"இல்லம்மா. பாயிண்ட் யாரு வேணா எடுக்கலாம். இவங்க மூக்கு ஒடஞ்சு, முட்டி பேந்து, மறுபடி மறுபடி வந்து நின்னவங்க. ஒவ்வொரு தடவை வந்து நின்னதுக்கும் ஒரு தொப்பின்னு கணக்கு."

வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். "அத்தனை தொப்பியை வெச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க?"

"நெசத் தொப்பி மொதல் தடவைதான்ப்பா. மீதியெல்லாம் கணக்குல மட்டும்."

"இல்லாத தொப்பிக்கா இம்மாம் அடி!"

குயவர்கள் இருக்கிற பாட்டரி டவுனில் ஒரு பொம்மைக்காரர், கீர்த்தனாவின் போனில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தார். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. ஒருத்தருக்கும் கழுத்து இல்லை. தோளுக்கு மேலே நேராகத் தலை, பூசணிக்காயை மூட்டை மேல் வைத்த மாதிரி. பண்டிகை அவசரத்தில் அவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்: கண். "கண்ணு நீங்களே வெச்சுக்குங்கம்மா, ரெண்டு புள்ளிதானே" என்று சொல்லிவிட்டார். கீர்த்தனாவுக்கு விரலெல்லாம் சுளுக்கு, பிளாஸ்திரி. ஆகவே நான் உட்கார்ந்தேன்.

நான் செய்தது இதுதான். மகாளய அமாவாசை அன்று, செத்துப் போனவர்களுக்கெல்லாம் படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, கை அலம்பின ஈரத்தோடு அந்தப் பொம்மைகளுக்குக் கண் எழுதினேன். சும்மா எழுதவில்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் "ஓம் சக்தி" என்று மனதாரச் சொல்லி எழுதினேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

கடைசிப் பொம்மைக்குக் கண் எழுதி முடித்து நிமிர்த்திப் பார்த்தேன்.

அந்தப் பொம்மையின் இடது காது நசுங்கி, பூரி உப்பாமல் போன மாதிரி ஒட்டிக் கிடந்தது. என் மூத்தாருக்கும் இடது காது அப்படித்தான். சுரங்கத்தில் பலகை விழுந்து நசுங்கியது.

"இது ஆட்டத்துல தலையோட தலை தேஞ்சு வர்றதும்மா, நிறைய பேருக்கு இருக்கும்" என்றாள் கீர்த்தனா. "இவருக்கு வயசாயிடுச்சு, ஆனா இன்னும் ஆடறாரு. மேல் படியில நிக்கப் போறவங்க எல்லாம் ஆட்டத்தை விட்டுட்டாங்க. இவரும், பக்கத்துல நிக்கற இந்தத் தாடிக்காரரும் மட்டும்தான் இன்னும் களத்துல இருக்காங்க."

அம்பாளும் கலசமும் பெரிய படிகளில். பக்கத்தில் சின்னதாக மூன்று படி கட்டி, யார் அதிகத் தடவை ஆடினார்களோ அவர்கள் மேலே என்று வரிசையாக நிற்க வைத்தாள். காதுக்காரருக்குக் கீழ்ப்படி. படிக்கு முன்னால் கேழ்வரகு முளைக்க வைத்து பச்சைப் பசேலென்று ஒரு மைதானம். வேலை முடிந்ததும் கல்கத்தாவில் பயிற்சி முகாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் நானும் அவரும். அப்புறம் அவர்கள்.

முதல் சனிக்கிழமை மத்தியானம் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு தூறல். திடீரென்று குளியலறையிலிருந்து ஒரு சத்தம். பல ஆண்கள், ஒரே குரலில், எனக்குத் தெரிந்த எந்தப் பாஷையும் இல்லாத பாஷையில், தொடையைத் தட்டித் தட்டி முழங்குகிற சத்தம். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. தமிழில்லை, கன்னடமில்லை, தெலுங்கில்லை. துருவின தேங்காய் அப்படியே கையில் நின்றது.

கதவு திறந்து வீட்டுக்காரர் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னங்க சத்தம்?"

"பைப்புல காத்து அடைச்சிக்கிச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

சாயங்காலம் விளக்கேற்றப் போனேன். காதுக்காரர் கீழ்ப்படியில் இல்லை. நடுப்படியில் நின்றார்.

கொலுவில் வைத்த பொம்மையை இடம் மாற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் மாற்றவில்லை. "நீங்க தொட்டீங்களா?" என்று கேட்டேன். "டாக்டர் எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாரே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்பாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பொம்மையைப் பழையபடி கீழே வைத்தேன். மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தால், மறுபடி நடுப்படி. அந்த நசுங்கின காதோடு, நான் எழுதின கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு.

மூத்தார் ஏறி வருகிறார். நான்தான் அமாவாசையில் கண் திறந்து கூப்பிட்டிருக்கிறேன். தம்பியைக் கூட்டிப் போக வருகிறார். இது எனக்குச் சந்தேகமறப் புரிந்துவிட்டது. (எட்டாவது படித்த மூளைக்கு எதுவும் சீக்கிரம் புரியும், தப்பாகப் புரிந்தாலும் சீக்கிரமாகவே புரியும்.)

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு ஜயம்மா தாம்பூலத்துக்கு வந்தார். கன்னடக்காரர், என்னைவிடப் பக்தி, என்னைவிடப் பயம். பாட்டுப் பாட வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். தாடிக்காரப் பொம்மை மல்லாந்து படுத்திருந்தது. விழுந்த மாதிரி இல்லை. யாரோ பக்குவமாகப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மடித்த கைக்குட்டை வைத்திருந்தார்கள்.

விஜயதசமி ராத்திரிதான் ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம். கொலு முடிந்தது என்று அர்த்தம். நடுவில் படுக்க வைத்தால் என்ன முடிந்தது என்று அர்த்தம்?

"அய்யோ தேவரே" என்றார் ஜயம்மா. "பரிமளம்மா, இது பொம்பே இல்லம்மா. உள்ள யாரோ இருக்காங்கம்மா."

"எங்க மூத்தார்."

"அவரு நல்லவரா?"

"ரொம்ப நல்லவரு. தம்பின்னா உசிரு."

"அதுதாம்மா பயம்" என்றார் ஜயம்மா. "நல்லவங்க தனியா இருக்க மாட்டாங்க."

இரண்டு பேரும் சேர்ந்து, மஞ்சள் தடவின நூலால் காதுக்காரரின் இரண்டு காலையும் படியின் ஆணியோடு சேர்த்துக் கட்டினோம். ஏழு முடிச்சு. ஒரு எலுமிச்சம்பழம். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை, பதற்றம் கூடாதே.

வியாழக்கிழமை காலை நூல் அப்படியே இருந்தது. முடிச்சும் அப்படியே. பொம்மை மட்டும் திரும்பியிருந்தது. முகம், என் வீட்டுக்காரர் படுக்கிற அறையின் கதவைப் பார்த்து.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தூங்கும்போது மூக்கருகில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். "இன்னாடி, ஈ ஓட்டறியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

சனிக்கிழமை சரஸ்வதி பூஜை. சாயங்காலம் தெருவில் இருக்கிற பெண்களையெல்லாம் அழைத்திருந்தேன். மறுநாள் விஜயதசமி. எது நடப்பதானாலும் இன்றைக்குத்தான் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஜயம்மா வீட்டுக்குப் பூக்கட்டப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, வாசல் வழியாகப் போய், கொல்லைப்புறமாகத் திரும்பி வந்து, கொலுப்படிக்குப் பின்னால் புகுந்துகொண்டேன். கையில் ஒரு வேப்பங்கொத்து. மூத்தாரிடம் நேரில் பேசிவிடுவது என்று முடிவு. என்னைப் பார்த்தால் அவர் எப்போதும் ஒதுங்கி நிற்கிற மரியாதைக்காரர். கேட்டால் கேட்பார்.

எங்கள் கொலுப்படி ஒன்றும் கடையில் வாங்கியது இல்லை. டிரங்குப் பெட்டி, அரிசி டிரம், ஸ்டூல், அவற்றின்மேல் பலகைகள், எல்லாவற்றையும் மூடி வெள்ளை வேட்டி. அதன் பின்னால் சுவருக்கும் டிரம்முக்கும் நடுவில் நான். பாச்சை உருண்டை வாசனையும் கற்பூர வாசனையும். வெளியே மழை கொட்டியது. கரண்ட் போயிற்று. வேட்டியின் அந்தப் பக்கம் விளக்கு ஆட ஆட, பொம்மைகளின் நிழல் துணியில் பெரிதாகி, சின்னதாகி, பெரிதாகிக்கொண்டிருந்தது. கழுத்தில்லாத நிழல்கள். குளியலறையில் மறுபடி அந்தக் கூட்டத்தின் இரைச்சல் எழுந்து அடங்கியது. லலிதா சகஸ்ரநாமம் ஆரம்பித்தேன். முதல் வரியே மறந்துவிட்டது.

கால் தேய்க்கும் சத்தம். மெதுவாக வந்தது. படிக்கு முன்னால் நின்றது. மூச்சு, கனமான மூச்சு. துணியில் ஒரு கையின் நிழல் விழுந்தது. நூல் அறுபடும் சின்னச் சத்தம் கேட்டது. காதுக்காரரின் நிழல் ஆகாயத்தில் எழும்பியது. அழுகிற குரல் ஒன்று, "அண்ணே" என்றது.

அது என் வீட்டுக்காரர் குரல் என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் புத்திக்குத் தெரிவதற்குள் கத்தல் கிளம்பிவிட்டிருந்தது.

"மூத்தாரே! அவரை வுட்டுடுங்க! என்னைக் கூட்டிட்டுப் போங்க!"

எழுந்தேன். தலையில் பலகை இடித்தது. பலகை போக, டிரம் உருள, ஸ்டூல் சாய, செட்டியார் முதல் ஒட்டகச்சிவிங்கி வரை எல்லாரும் இறங்கி வந்தார்கள். வேட்டி என் தலைமேல் கவிழ்ந்து என்னை முழுசாகச் சுற்றிக்கொண்டது. கலசத்தை மட்டும் எப்படியோ இடது கையில் பிடித்திருந்தேன். (அது நான் பிடித்ததில்லை; அம்பாள் பிடிக்க வைத்தது.) வலது கையில் வேப்பங்கொத்து. வெள்ளைத் துணிக்குள்ளிருந்து அலறிக்கொண்டு நான் எழுந்த நேரம் பார்த்து, வாசலில் ஜயம்மாவும் நாலு பெண்களும் தட்டோடு வந்து நின்றார்கள்.

"தெவ்வா! தெவ்வா!" என்றார் ஜயம்மா. கன்னடத்தில் பேய் என்று அர்த்தம். தட்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். ஒருத்தர் விட்டுப் போன குடை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

துணியை விலக்கிப் பார்த்தேன். ரக்பிக்காரர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தராகக் குவிந்து கிடந்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. பழக்கம்தானே. என் வீட்டுக்காரர் கேழ்வரகு மைதானத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. ஒரு கை நெஞ்சில். மறு கையில் காதுக்காரர்.

அதுவரைக்கும் சிரிப்பு. இதற்கு மேல் நடந்ததைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வராது.

ஓடிப் போன ஜயம்மாவே திரும்பி வந்து ஆட்டோ பிடித்தார். ஆயுத பூஜை அன்று ஆட்டோ கிடைப்பதே பெரிசு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, அப்போதுதான் பூஜை முடித்திருந்தார் டிரைவர். "மொதல் சவாரியே ஆஸ்பத்திரியாம்மா?" என்று முனகினார். என் முகத்தைப் பார்த்ததும் வண்டியை எடுத்துவிட்டார். பூசணிக்காய் உடைத்து வைத்த தெருவெல்லாம் வாழை இலை படபடக்க, கல்யாண ஊர்வலம் மாதிரிப் போனோம்.

"எங்கங்க வலிக்குது?"

"வலிக்கல. பேசாம வா."

"நெஞ்சைப் புடிச்சிருக்கீங்களே!"

"எங்கயும் ஓடிப் போவாம புடிச்சிக்கிறேன். நீ கத்தின கத்துல கெளம்பிடும் போல இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "எறங்கிட்டான் பரிமளா."

"யாரு?"

"இவன்தான்" என்று பொம்மையைக் காட்டினார். ஒரு பழைய மேட்ச்சைச் சும்மாப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார், மகள் அப்படி என்னதான் ஆடுகிறாள் என்று. அப்புறம் விடவில்லை. நான் திட்டுவேன் என்று குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து போனில் பார்த்திருக்கிறார். அந்த முழக்கம் ஒரு நாட்டு ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்கு முன்னால் போடுவதாம். தாடிக்காரர் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனாராம். "மனசு கேக்கல. பொம்மையாவது படுக்கட்டுமேன்னு வெச்சேன்."

"ஏங்க படியேத்தினீங்க?"

"போன சனிக்கிழமை ஆடினான், மேல இருந்தவன் கணக்கைத் தாண்டிட்டான். நாயம்னு ஒண்ணு இருக்குல்ல? நீ கீழ எறக்கி வெச்சா எப்படி?" மூச்சு வாங்கிக்கொண்டார். "முட்டியில ஆபரேஷன் பண்ணிக்கினு மறுபடி வந்தவன் அவன். இன்னைக்கு வெளியவே உக்கார வெச்சிட்டாங்க. கடைசியில எறக்கி வுட்டாங்க. அவன் எறங்கினா நானும் ஆபரேஷனுக்குப் போறதுன்னு வேண்டிக்கினேன்."

"எந்தச் சாமிகிட்ட?"

"சாமிகிட்ட இல்ல. காது அண்ணன் காது மாதிரியே இருந்துச்சா... அண்ணன்கிட்டயே சொன்னேன். அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அதுக்குள்ள நீ வந்துட்ட, வேப்பங்கொத்தோட."

நான் பயந்த அதே காதைத்தான் அவர் தைரியத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில், ஒரே பொம்மையை நடுவில் வைத்துக்கொண்டு. ஆட்டோவில் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் ஆகவில்லை, வெறும் அதிர்ச்சிதான் என்றார் டாக்டர். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிற மனிதர், அன்று கேட்கவில்லை. "இங்கயே இருந்துடறேன் சார். திங்கக்கிழமை வெச்சிடுங்க" என்றார். கீர்த்தனா ஞாயிறு இரவே வந்து சேர்ந்தாள். அப்பா ரக்பி பார்க்கிறார் என்று கேட்டதும் அவளுக்கு ஆபரேஷன்கூட மறந்துவிட்டது. "எந்த மேட்ச்ப்பா? எத்தனையாவது நிமிஷத்துல எறங்கினாரு?" என்று இரண்டு பேரும் பேசினார்கள். அதுவரை அவர்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அந்தக் கதவு மூடியதிலிருந்து திறக்கிறவரை நான் ஒன்றும் வேண்டவில்லை. வேண்ட வாய் வரவில்லை. அம்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். கதவு திறந்தது. "நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. கீர்த்தனாதான் ஆட்டத்தில் தூக்குகிற மாதிரி என்னை அலாக்காகத் தூக்கி நிறுத்தினாள்.

அவர் தேறி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காப்பி கொடுக்கும்போது கேட்டேன். "எல்லாம் சரிங்க. வியாழக்கிழமை எதுக்கு அவரை நம்ம ரூம் பக்கம் திருப்பி வெச்சீங்க? நூல் கட்டு அவிழாம எப்படித் திருப்பினீங்க?"

காப்பியை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். "அது நானில்ல. நீதான்னு நெனச்சேன்."

அதற்கு அப்புறம் இன்றுவரை இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போவோம். அந்த டாக்டருக்கு நடந்த கதை முழுக்கத் தெரியும். ஜயம்மா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லியிருக்கிறார். வெளியே காத்திருக்கிற நோயாளிகள் எல்லாருக்கும் கேட்கும்படி டாக்டர் சொல்வார்: "இவருக்கு டிரெட்மில் டெஸ்ட் எதுக்கு? அம்மாவை ஒரு தடவை கத்தச் சொல்லுங்க. தாங்கினா இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல."

டாக்டர் விளையாட்டுக்குச் சொன்னார். எங்கள் வீட்டில் அது சடங்காகிவிட்டது. பரிசோதனைக்குக் கிளம்புகிற அன்று காலையில், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவில் காலை அகட்டி நிற்பார். கீர்த்தனா எந்த ஊரில் இருந்தாலும் போனில் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பாள். "ம், கத்து" என்பார்.

எனக்கு வெட்கமாக இருக்கும். பயமாகவும் இருக்கும், அதை யாரிடமும் சொல்வதில்லை. அம்பாள் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்துவேன். தெருநாய்கள் குரைக்கும். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழும்.

மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

"அவ்ளோதானா?" என்பார். "போன வருஷம் இதவிட நல்லா இருந்துச்சே."